பரிந்து உரைத்தல்

ஜவ்வாது மலையிலிருந்து போளூருக்கோ ஆலங்காயத்திற்கோ இறங்கும் முதல் பேருந்தில் ஏறினால், மடியில் ஒரு துணிப்பையை அணைத்தபடி அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரையேனும் காணலாம். பையில் கட்டுச்சோறு இருக்கும். ஒரு மாற்றுத்துணி இருக்கும். அவற்றுக்கு அடியில், பாலித்தீன் உறைக்குள், மடித்து மடித்துக் கிழியத் தொடங்கிய காகிதக் கற்றை ஒன்று இருக்கும். ஓ.பி. சீட்டுகள், இரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஓர் எக்ஸ்ரே படம், வெறுமையான மாத்திரை அட்டைகள் சில. அவருடைய பத்தாண்டு கால நோயின் வரலாறு முழுவதும் அந்தப் பைக்குள்தான் அடங்கியிருக்கிறது. ஆனால் அதில் ஒரு வரியைக்கூட அவரால் படிக்க இயலாது. யாவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை.

கீழே மருத்துவமனையில் அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "இதுவரை என்ன மாத்திரை சாப்பிட்டீங்க பெரியவரே?" என்பது. "வெள்ளை மாத்திரை ஒண்ணு, ரோஸ் மாத்திரை ஒண்ணுங்க ஐயா" என்பார் அவர். மலைக்குத் திரும்பியபின் சுகாதார நிலையத்துச் செவிலியர் கேட்பார்: "பெரிய ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க தாத்தா?" "மாத்திரையை மாத்திக் குடுத்திருக்காங்கம்மா. மறுபடி வரச் சொன்னாங்க." எப்போது வரச் சொன்னார்கள், எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. இரு இடங்களிலும் இருப்பவர்கள் கற்றவர்கள், எழுத வல்லவர்கள். ஆயினும் அவர்களுக்கிடையே செய்தியைச் சுமக்கும் வேலை, எழுத்தறியாத ஒரு நோயாளியின் நினைவாற்றல்மேல் சுமத்தப்பட்டிருக்கிறது.

நாம் இங்கே எண்ணிப் பார்க்க விரும்புவது ஒரே ஒரு கேள்வியை. துன்புறும் ஒருவரை நம்மினும் வல்லவரிடம் அனுப்பி வைத்துவிட்டால், அத்தோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? அவரைக் குணமாக்கித் திருப்பி அனுப்புபவரின் கடமையும் வாசற்படியோடு முடிந்துவிடுகிறதா?

கண்ணுக்குத் தெரியாத இடைவெளி

கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த ஜவ்வாது மலை இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. 1989-ல் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. 2019-ல் திருப்பத்தூர் வேலூரிலிருந்து பிரிந்தது. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் அன்றாட வாழ்வில் இந்த எல்லைக் கோடுகளுக்குப் பெரிய பொருளில்லை. சாமை விளையும் சரிவுகளும் பலாவும் புளியும் கோட்டுக்கு இருபுறமும் ஒன்றுதான். ஆனால் நோயுற்றவர் மலையைவிட்டு இறங்கும்போது கோடுகள் உயிர் பெறுகின்றன. கிழக்கே இறங்கினால் போளூர், திருவண்ணாமலை. மேற்கே இறங்கினால் ஆலங்காயம், வாணியம்பாடி, திருப்பத்தூர். வடக்கே சென்றால் வேலூர். எந்த ஊரில் உறவினர் இருக்கிறார், எந்தப் பேருந்து அன்று ஓடுகிறது என்பதைப் பொறுத்து, ஒரே நோயாளி ஓர் ஆண்டு ஒரு பக்கமும் மறு ஆண்டு மறு பக்கமும் செல்வதுண்டு. வேலை தேடி மாதக்கணக்கில் வெளியூர் சென்று தங்குவோர்க்கு நான்காவதாகவும் ஒரு மருத்துவமனை சேர்ந்துகொள்கிறது. ஒரு மருத்துவமனையின் ஏட்டில் எழுதப்பட்டது மற்றொன்றின் மேசைக்கு வருவதில்லை.

மருத்துவமே இல்லாத மலை என்று இதனைச் சொல்லிவிட இயலாது. ஜமுனாமரத்தூரை மையமாகக் கொண்டு அரசின் சுகாதாரப் பணியாளர்கள் உழைக்கின்றனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவப் பணி பல ஆண்டுகளாக இம்மலைக் கிராமங்களை எட்டி வருகிறது. 1952-ல் உருவான வேலூர் மறைமாவட்டத்தின் மலைப்பங்குகளில் பணிபுரியும் குருக்களும் துறவியரும் தம்மால் இயன்றதைச் செய்கின்றனர். இவர்களின் உழைப்பைக் குறைகூறுவது நம் நோக்கமன்று.

2023 மே மாதத்தில், வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு தீண்டிய ஒன்றரை வயதுக் குழந்தையொன்று உரிய நேரத்தில் மருத்துவம் கிட்டாமல் இறந்தது. ஊர்வரை செல்லச் சாலை இல்லாததால், அக்குழந்தையின் உடலைத் தாய் கையில் ஏந்தி மலைவழியே நடந்த காட்சி நாடு முழுவதும் காணப்பட்டது. அதைக் கண்டவர் நெஞ்சம் பதைத்தது. சாலை வேண்டுமென்ற குரல் எழுந்தது. அது நியாயமான குரல். ஆனால் சாலை போட்ட பிறகும் எஞ்சியிருக்கும் வேறோர் இடைவெளி உண்டு. சாலையில்லாமையைப் படம் பிடிக்கலாம். மருத்துவமனைக்கும் சுகாதார நிலையத்துக்கும் இடையே சொல் இல்லாமையைப் படம் பிடிக்க இயலாது. அதனால் இறப்பவர் தம் வீட்டுத் திண்ணையில், பல மாதங்களில், சிறிது சிறிதாக இறக்கிறார். அதற்கு "வயதாகிவிட்டது" என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

363 நாள்கள்

காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் மருத்துவமனை சென்றவர் பெரும்பாலும் நோயை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் வலிப்பும் இதய நோயும் சிறுநீரக நோயும் அத்தகையன அல்ல. அவை நோயாளியோடு அதே பேருந்தில் ஏறி வீடு திரும்புகின்றன. ஆண்டில் இரண்டு நாள்கள் அவர் பெரிய மருத்துவமனையில் இருப்பாரானால், எஞ்சிய 363 நாள்களும் மலையில்தான் இருக்கிறார். நோயின் பெயரைச் சொல்ல வல்லவர் கீழே இருக்கிறார்; நோயோடு வாழும் நாள்களைக் காண்பவர் மேலே இருக்கிறார். ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாவிட்டால், இருவரின் திறமையும் சேர்ந்தே வீணாகிறது.

ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருக்குச் சர்க்கரை நோய். மலையில் தரப்படும் மாத்திரையைப் பல ஆண்டுகளாக உட்கொள்கிறார். காலில் ஆறாத புண் வந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். புண் ஆறுகிறது. வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரையை மாற்றிக் கொடுக்கின்றனர். புதிய மாத்திரையின் நிறம் வேறு, கம்பெனிப் பெயர் வேறு. ஆனால் வேலை பழைய மாத்திரையின் வேலையேதான். பழையதை நிறுத்த வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம்; எழுதாமலும் இருந்திருக்கலாம். இரண்டும் மருத்துவர் தந்தவை ஆயிற்றே என்று நம்பி, அவர் இரண்டையும் விழுங்குகிறார். அன்று கூழும் குறைவு. நள்ளிரவில் உடல் வியர்க்கிறது, பேச்சு குழறுகிறது, சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிட்டது என்பதை அறியாத வீட்டார், காற்று கருப்பு என்று அஞ்சுகின்றனர். இங்கே கெட்ட எண்ணம் கொண்டவர் ஒருவரும் இல்லை. நன்மை செய்த இரு கைகளுக்கிடையே ஒரு சொல் விடுபட்டது, அவ்வளவே.

மற்றொருவரைப் பார்ப்போம். சிறுநீரகம் பழுதுறத் தொடங்கியிருப்பதை மருத்துவமனையில் கண்டுபிடித்துவிட்டனர். மூட்டு வலிக்குத் தரும் பல மாத்திரைகளும் ஊசிகளும் அவருக்கு ஆகா. ஆனால் அச்செய்தி மலைக்கு ஏறவில்லை. அறுவடை முடிந்து முழங்கால் வலியோடு வந்தவருக்கு, வழக்கம்போல் வலி ஊசி போடப்படுகிறது. இரக்கத்தோடு போடப்பட்ட ஊசி அது.

மூன்றாவதாக ஒரு சிறுமி. கீல்வாதக் காய்ச்சலால் இதய வால்வு பாதிக்கப்பட்டவள். அவளுக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, பல ஆண்டுகள் தொடர்ந்து, பென்சிலின் ஊசி போட வேண்டும். ஒவ்வொரு முறையும் மலையிறங்கிச் செல்ல எந்தக் கூலிக் குடும்பத்தால் இயலும்? அருகிலேயே போட்டுக்கொள்வதுதான் வழி. ஆனால் பென்சிலின் சிலருக்கு ஒவ்வாது என்பதை அறிந்த செவிலியர், தெளிவான கடிதம் இல்லாமல் ஊசி போட அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்தில் தவறில்லை. எழுதப்படாத அரைப்பக்கக் கடிதத்தின் விலையை அச்சிறுமியின் இதயம் செலுத்துகிறது.

அறிந்தும் செய்யாதவை

இக்குறை இன்று நேற்றுக் கண்டதன்று. விடுதலைக்கு முன்னரே, 1943-ல் அமைக்கப்பட்ட போர் குழு 1946-ல் தந்த அறிக்கை, ஊர்ப்புற நிலையமும் நடுநிலை மருத்துவமனையும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் ஓர் அமைப்பை இந்தியாவுக்குக் கனவு கண்டது. 1978-ல் அல்மா அட்டாவில் கூடிய உலக நாடுகள், அடிப்படை மருத்துவப் பணியும் மேல்நிலை மருத்துவமனையும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும் என்று அறிவித்தன. 'ஒன்றையொன்று' என்பதே இங்குக் கருதத்தக்கது. கீழிருந்து மேலே ஏற ஏணி வைத்தார்கள். அதே ஏணியில் செய்தி இறங்கி வரவும் வேண்டும் என்பதை நடைமுறை மறந்துவிட்டது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 2024-ல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் அதற்குக் கிடைத்தது. நெடுந்தூரம் நடக்க இயலாத முதியவர்க்கு இதன் அருமை தெரியும். ஆனால் மருத்துவமனை மாற்றித் தந்த மருந்து எதுவென்று வாசலுக்கு வரும் தன்னார்வலர் அறியாவிட்டால், இரண்டு மருந்து வரிசைகளும் ஒரே வீட்டுக்குள் சந்தித்துக்கொள்ளும். 2021 செப்டம்பரில் நடுவண் அரசு தொடங்கிய மின்னணு நலவாழ்வுத் திட்டம், ஒவ்வொருவருக்கும் 14 இலக்க எண் ஒன்றைத் தந்து, அவருடைய மருத்துவக் குறிப்புகள் எங்கும் கிடைக்க வழி செய்ய முனைகிறது. வரவேற்போம். எனினும் கணினி, எழுதியதைத்தான் கொண்டுசெல்லும், எழுதாததை எழுதாது.

இதே மலையில், காவலூரில், 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கி, எண்ணற்ற ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட விண்மீன் ஒளியை ஏந்திப் பதிவு செய்கிறது. அவ்வளவு தொலைவிலிருந்து வரும் செய்தியைப் பெறக் கற்றுக்கொண்ட மனிதருக்கு, மலையடிவாரத்திலிருந்து ஒரு சீட்டைப் பெறுவது அறிவுக்கு எட்டாத செயலா? அறிவில் குறையில்லை. இது யாருடைய கடமை என்பதில்தான் நமக்குத் தெளிவில்லை.

மறைநூல் காட்டும் கடிதங்கள்

மறைநூலில், ஒருவரைப் பற்றிய கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்பிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. தாவீது அரசர் தம் படைவீரர் உரியாவிடம் யோவாபுக்கு ஒரு மடல் கொடுத்தனுப்பினார். அதில் எழுதியிருந்தது உரியாவின் சாவு. தமக்கெதிரான சொல்லைத் தாமே சுமந்து சென்றார் அந்த வீரர். அதை அவர் அறியவில்லை. நம் மருத்துவர்கள் எவரும் தாவீதின் தீய எண்ணத்தோடு எழுதுவதில்லை. ஆயினும் தம் உயிரைப் பற்றிய மடலைத் தாமே படிக்க இயலாமல் சுமந்து செல்லும் மனிதரின் நிலையில் உரியாவின் சாயல் இல்லையா?

இதற்கு நேர்மாறான கடிதம் ஒன்றும் உண்டு. பவுலடியார் பிலமோனுக்கு எழுதிய திருமுகம் 25 வசனங்களே கொண்ட சிறு மடல். ஒனேசிம் என்னும் அடிமையை அவருடைய தலைவரிடம் திருப்பி அனுப்பும்போது எழுதியது. அதில் அனுப்பப்படுபவர் யார், அவருக்கு என்ன நேர்ந்தது, அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் தெளிவாக உள்ளன. அவர்பட்ட கடன் இருந்தால் அது தம் கணக்கில் சேரட்டும் என்கிறார் பவுல். தம் கையாலேயே எழுதுவதாக உறுதி கூறுகிறார். தாமும் வரவிருப்பதால் தங்க இடம் ஏற்பாடு செய்யுமாறு கேட்கிறார். அத்திருமுகம் பிலமோன் வீட்டில் கூடும் சபைக்கும் எழுதப்பட்டது. ஆகவே யாரைப் பற்றியதோ அவர் காதிலும் விழத்தக்கது. அனுப்புவதென்றால் இப்படி அனுப்ப வேண்டும்.

நல்ல சமாரியரின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்ததோடு பெரும்பாலும் நம் மறையுரைகள் நின்றுவிடுகின்றன. மறுநாள் நடந்ததை லூக்கா விடாமல் எழுதியிருக்கிறார். சமாரியர் தம்மால் தொடர்ந்து செய்ய இயலாததைச் சாவடிப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கிறார். இரண்டு தெனாரியம் தருகிறார், கவனித்துக்கொள்ளும்படி சொல்கிறார், மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாக வாக்களிக்கிறார். 2020-ல் வெளிவந்த 'அனைவரும் உடன்பிறந்தோர்' என்னும் சுற்றுமடலில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், நல்ல சமாரியருக்கும் ஒரு சாவடி தேவைப்பட்டது என்பதைச் சுட்டிக்காட்டினார். அதனோடு நாம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: சாவடிக்கும் ஒரு சொல் தேவைப்பட்டது. அடிபட்டவரை வாசலில் கிடத்திவிட்டுச் சமாரியர் பேசாமல் போயிருந்தால், பொறுப்பாளருக்கு அவர் யாரென்றே தெரிந்திராது.

வள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர் என நான்கு கூறுடையது என்கிறார். நால்வகையில் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் முழுமையடையாது. மலையில் இருக்கும் செவிலியரே அந்த நான்காமவர். அவருக்குச் சொல்லாமல் செய்யும் மருத்துவம் முக்கால் மருத்துவமே.

இரண்டு தடைகள்

"நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானோரைப் பார்க்கும் மருத்துவர் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடியுமா?" என்ற கேள்வி எழும். இது வெறும் சாக்கன்று, உண்மையான சுமை. ஆனால் எழுதாமல் விட்ட சுமை மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. மருத்துவரின் பேனா சுமக்க மறுத்ததை நோயாளியின் உடல் சுமக்கிறது. யார் தோள் வலிமையானது என்று கேட்டால் விடை எளிது. மேலும், தேவைப்படுவது நீண்ட கடிதமன்று. நோய் இன்னது, புதிதாகத் தந்த மருந்து இன்னது, நிறுத்தியது இன்னது, கவனிக்க வேண்டிய அறிகுறி இன்னது, மறுபடி வரவேண்டிய நாள் இன்னது என்ற ஐந்து வரிகள் போதும். அவற்றையே தமிழிலும் எழுதி நோயாளிக்குப் படித்துக்காட்டினால், மடலைச் சுமப்பவரே அதன் பொருளையும் சுமப்பார்.

இரண்டாவது தடை இன்னும் நுட்பமானது. ஒருவரின் நோய் அவருடைய சொந்தச் செய்தி. சிறிய மலையூரில் ஒரு செய்தி இரு வீடுகளைக் கடந்தால் ஊர் முழுவதும் பரவிவிடும். தொழுநோயோ மனநோயோ எச்.ஐ.வி.யோ உள்ளவர்க்கு, செய்தி பரவுவது நோயைவிடக் கொடிய தண்டனையாகலாம். ஆகவே சொல்ல வேண்டியவர்க்குச் சொல்வதும், சொல்லக் கூடாதவர்க்கு வாய் திறவாமையும் ஒரே அறத்தின் இரு பக்கங்கள். யாருக்குச் சொல்லலாம் என்று நோயாளியையே கேட்க வேண்டும். அவரிடம் கேட்காமல் மறைப்பதும் அவரிடம் கேட்காமல் பரப்புவதும் அவரை ஒரு பொருளாகவே நடத்துகின்றன.

நம் பங்கு

இதுவரை மருத்துவர்களைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றிப் பேசுவோம். நம்மிடம் உதவி நாடி வந்தவரிடம், "நீங்க வேலூருக்குப் போங்க, அங்கே நல்லாப் பார்ப்பாங்க" என்று சொல்லி, பேருந்துக்குப் பணமும் கொடுத்து, கடமை முடிந்தது என்று நிறைவோடு வீடு திரும்பியவர்கள் நம்மில் பலர். திரும்பி வந்தாரா, என்ன சொன்னார்கள் என்று எத்தனை முறை கேட்டோம்? நம் அன்பு பெரும்பாலும் வழியனுப்புவதோடு நின்றுவிடுகிறது. சமாரியர் கொடுத்த இரண்டு தெனாரியத்தை நாமும் கொடுக்கிறோம். திரும்பி வருவேன் என்ற வாக்கை மட்டும் கொடுப்பதில்லை.

நம் பங்குகளில் செவிலியர் இருக்கின்றனர், மருந்தாளுநர் இருக்கின்றனர், மருத்துவமனை அலுவலகங்களில் பணிபுரிவோர் இருக்கின்றனர், ஆங்கிலம் படித்த இளைஞர் எல்லா அன்பியங்களிலும் இருக்கின்றனர். நீடித்த நோயுள்ள ஒருவரின் சீட்டுகளை, அவர் இசைந்தால், நாள் வரிசையில் அடுக்கி ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒட்டித் தருவது எத்தனை நேர வேலை? வீடு திரும்பியவரின் சீட்டைப் படித்துப் பொருள் சொல்லி, பழைய மாத்திரைகளையும் புதியவற்றையும் எடுத்துக்கொண்டு அவரோடு சுகாதார நிலையம் சென்று செவிலியரிடம் காட்டுவதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. எந்த மருந்தை நிறுத்துவது என்று நாம் தீர்மானிக்கக் கூடாது. தீர்மானிக்க வேண்டியவர் முன் இரண்டையும் கொண்டுபோய் வைக்கலாம். ஆண்டுதோறும் பிப்ரவரி 11 அன்று உலக நோயாளர் நாளைக் கொண்டாடி, நோயுற்றோர்க்கு எண்ணெய் பூசி, பழங்கள் வழங்குகிறோம். அன்று அவர்களின் பையைத் திறந்து பார்க்க அனுமதி கேட்பதும் அவ்வழிபாட்டின் தொடர்ச்சியாகவே அமையும்.

மருத்துவர் ஒருவர் இன்னொருவரிடம் நோயாளியை அனுப்புவதைத் தமிழில் 'பரிந்துரை' என்கிறோம். அன்னை மரியாவும் புனிதர்களும் நமக்காக இறைவனிடம் வேண்டுவதையும் அதே சொல்லால் குறிக்கிறோம். பரிந்து உரைத்தல்: ஒருவர்மீது பரிவு கொண்டு, அவருக்காகப் பேசுதல். கானாவூர்த் திருமணத்தில் அன்னை செய்ததும் அதுவே. இரசம் தீர்ந்துவிட்டதை மகனிடம் சுருக்கமாகச் சொன்னார். அவர் சொல்வதையெல்லாம் செய்யும்படி பணியாளர்களிடமும் சொன்னார். குறையை அறிந்தவராய் ஒரு பக்கமும், செய்ய வேண்டியதை அறிவிப்பவராய் மறு பக்கமும் பேசினார். இரு திசையிலும் சொல் சென்றது, தண்ணீர் இரசமாயிற்று.

நாள்தோறும் செபமாலையில் நமக்காகப் பரிந்து பேச அன்னையை அழைக்கிறோம். மலையிறங்கும் பேருந்தில் துணிப்பையை அணைத்தபடி அமர்ந்திருக்கும் அந்தப் பெரியவர், தமக்காகப் பரிந்துரைக்க யாரை அழைப்பார்?